மகளின் கலியாணத்துக்குப் பதினேழு பாட்டுகள்

1

ஜனவரி பத்தொன்பதாம் திகதி எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சடங்கு உண்டு. மதியச் சோற்றுக்கு முன் ஆளுக்குப் பாதிப் பணிஸ் ரொட்டியும் ஒரு துண்டு சீஸும் சாப்பிட வேண்டும். 1985ஆம் ஆண்டு அதே திகதியில், மேற்கு பேர்லின் ரயில் நிலையப் படிக்கட்டில் நின்றபடி நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் தந்தார். சீஸ் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பசியில் விழுங்கினேன்.

இந்த வருடம் அந்தத் திகதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நாற்பது வருடம் நிறைவு. மகள் மெலனி, தான் கட்டப்போகும் யோனாஸையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். யோனாஸ் காற்றாலைகள் திருத்துகிறவர். கிழமை நாட்களில் வானத்தில் தொங்குவார். சனி ஞாயிறுகளில் ஐந்நூறு வருடம் பின்னால் போய்விடுவார். இங்கே கோடை வந்தால் ஊருக்கு ஊர் பழங்காலச் சந்தைகள் கூடும். தானே தைத்த கம்பளிச் சட்டை, தோல் செருப்பு, மரக் கிண்ணம் சகிதம் அங்கே போய் நிற்பார். அவருடைய நண்பர்கள் பழைய பாட்டுகள் வாசிப்பார்கள். பிர்த்தே என்ற பெண்ணின் கையில் ஹார்ப் இருக்கும். யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் படித்தும் நான் ஒரு யாழைக் கண்டதில்லை. முதன்முதலில் கண்டது அந்தப் பெண்ணின் மடியில்தான்.

பணிசைக் கடித்தபடி மெலனி விஷயத்தைச் சொன்னாள்.

"கலியாணம் ஜூன் பதினாலு. மறுமலர்ச்சிக் காலத்து முறையில செய்யப் போறம். எல்லாரும் அந்தக் காலத்து உடுப்போட வரவேணும், அப்பா. நீங்களும்தான்."

"கொம்மாவும் கவுண் போடவேணுமோ?"

"அம்மா சீலை கட்டலாம். சீலை அந்தக் காலத்திலையும் இருந்ததுதானே."

என் மனைவி றெஜினா மீன் குழம்பைக் கிளறியபடி சிரித்தாள். "இவருக்கு வேஷம் ஒண்டும் புதுசில்லைப் பிள்ளை. ஊரிலை கூத்தில சேவகனா வந்தவர். ஒரே ஒரு வரி. அதையும் மறந்துபோய் முழுசிக்கொண்டு நிண்டவர்."

அது உண்மை. மன்னாரில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் கூத்துகளில் அரசனும் சேவகனும் போட்டது போர்த்துக்கேயர் கால உடுப்பு: வெல்வெற் மேற்சட்டை, கழுத்தில் சுருக்குத் துணி, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை. யோனாஸ் தன் கைத்தொலைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கூத்துக் கொட்டகையின் பெட்டியில், பாச்சை உருண்டை மணத்தோடு மடித்து வைத்திருந்த அதே சட்டை.

சாப்பாடு முடிந்ததும் யோனாஸ் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இருபத்தொரு பாட்டுகளின் பட்டியல். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, பிரான்சின் பிரெத்தோன் கரைப் பாட்டுகள் பாதி. இங்கிலாந்து, இத்தாலி, ஜேர்மன் தேசங்களின் பதினாறாம் நூற்றாண்டுப் பாட்டுகள் மீதி. "மாமா, நீங்கள்தானே எல்லாவற்றையும் வாசிக்கிறவர். இவை எதைப் பற்றியவை என்று ஒருக்கால் பாருங்கள். எங்களுக்கு மெட்டு மட்டும்தான் தெரியும்," என்றார் ஜேர்மனில். புறப்படும்போது வாசலில் நின்று தமிழில் "வாங்கோ!" என்றார். போகும்போது சொல்ல வேண்டியது வேறு என்று மூன்று வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம்.

2

முப்பத்தொரு வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவன் நான். முத்திரையில் திகதி பார்க்காமல் ஒரு கடிதத்தைக் கையால் தொட மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாட்குறிப்புகள் அலுமாரியின் கீழ்த் தட்டில் வருட வரிசையில் நிற்கின்றன.

ஆகவே பட்டியலைச் சும்மா வாசிக்கவில்லை. நகர நூலகத்தில் ஐந்து புத்தகங்கள் இரவல் எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பெரிய தாளொன்றை விரித்துக் கட்டம் போட்டேன். இலக்கம், பாட்டு, நாடு, காலம், பொருள். முதல் மூன்று பாட்டுகளுக்குப் பொருள் எழுதிய பிறகு ஆறாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டி வந்தது: மரணம் உண்டா?

யோனாஸ் மிக இனிமை என்று சொன்ன அயர்லாந்துப் பாட்டில் மணப்பெண் கலியாணத்துக்கு முதல் நாள் ஆற்றில் விழுந்து சாகிறாள். ஸ்கொட்லாந்துப் பாட்டில் கப்பல் ஏறியவன் திரும்பி வருவதில்லை. வீணை போன்ற ஒரு வாத்தியத்தோடு பாடும் இங்கிலாந்துப் பாட்டில், கைவிடப்பட்டவன் சாவை வாவென்று அழைக்கிறான். மெட்டை மட்டும் கேட்டால் எல்லாம் தேன். சொல்லைப் பிரித்தால் எல்லாம் செத்த வீடு.

எட்டுப் பாட்டுகளுக்கு நேரே 'உண்டு' என்று எழுதி, சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டேன்.

எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம் இருந்ததை மறைக்கவில்லை. 1992இல் எங்கள் கலியாணம் இதே ஹம்பேர்க்கில், வாடகை மண்டபத்தில் நடந்தது. பாட்டுத் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தது ஒரு கசற். ஊரில் பேண்ட் வாத்தியம் முன்னால் போக, கோயில் மணி அடிக்க, பெண் வீட்டார் மாப்பிள்ளையை எதிர்கொள்வார்கள். இங்கே நண்பர் ஒருவர் கசற்றைப் போட்டார். றெஜினா வாசலில் கால் வைத்த நேரம் நாடா சிக்கிக்கொண்டது. பாட்டு இழுபட்டு, மாடு கத்துவது போல ஒரு சத்தம். அவள் நின்றுவிட்டாள். நண்பர் பென்சிலால் நாடாவைச் சுற்றி முடிக்கும் வரைக்கும் மண்டபமே மௌனமாக நின்றது. மகளுக்கு அப்படி ஆகக் கூடாது.

பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு தீர்ப்பைச் சொன்னேன். யோனாஸ் சிவப்புக் கோடுகளைப் பார்த்து முகம் வாடிப்போனார்.

"மெட்டு எவ்வளவு அழகு, மாமா."

"மெட்டு அழகுதான். ஆனால் கலியாணத்தில் சாவுப் பாட்டு வராது. அது எங்கள் முறை."

"அப்படியென்றால் குடிகாரப் பாட்டுகள்தான் மிஞ்சும்."

"குடிக்கலாம். சாகக் கூடாது," என்றேன்.

மெலனி கைதட்டிச் சிரித்தாள். "அப்பா சொன்னா சொன்னதுதான். கோடு போட்டது போட்டதுதான்."

விலக்கியவற்றுக்குப் பதிலாக நான் மூன்று கண்டுபிடித்துச் சேர்த்தேன். கூட்டினால் பதினாறு. மெலனி கோயிலுக்குள் நடந்து வருவதற்கு ஒரு பவானை முன்மொழிந்தேன். பவான் என்பது ஒற்றை மேளத்தோடு மெதுவாக நடந்து போகும் பழைய ஊர்வல நடனம். அதை ஆடிய காலத்தில்தான் மன்னார்க் கோட்டைக்குப் போர்த்துக்கேயர் கல் அடுக்கினார்கள். எங்கள் முன்னோர் சிலுவை போடப் பழகியதும் அந்த நூற்றாண்டில்தான்.

இதைச் சொல்லத் தொடங்கிய நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்களிடம் மட்டும்தான் பழைய பாட்டு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரிய வெள்ளியன்று எங்கள் ஆட்கள் பாடும் புலம்பல் இருக்கிறதே, அதன் மெட்டு இவற்றுக்குச் சளைத்ததில்லை," என்று பெருமை அடித்தேன்.

யோனாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்கே, ஹம்பேர்க்கிலா? நான் வரலாமா?"

"தாராளமாக."

மெலனி பதினான்கு வயதோடு தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்தியவள். பெரிய வெள்ளியின் நீண்ட வழிபாட்டுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை. "அப்ப நானும் வாறன்," என்றாள். றெஜினா என்னைப் பார்த்த பார்வையில் பதினேழு வருடச் செபம் கேட்கப்பட்ட சந்தோஷம் தெரிந்தது.

3

இடையில் பதிவுத் திருமண அலுவலகத்து வேலை. இதையும் எழுத வேண்டும், ஏனென்றால் கலியாணம் என்றால் இங்கே முதலில் தாள்தான்.

மெலனியின் பிறப்புப் பதிவில் தகப்பன் பிறந்த திகதி 01.01.1962. தாய் பிறந்த திகதி 01.01.1967. அந்த அலுவலர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "இருவரும் புதுவருடத்திலா பிறந்தார்கள்?" என்று கேட்டாராம். அகதியாக வந்து இறங்கியபோது எங்கள் கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. வருடத்தை மட்டும் நம்பினார்கள். மாதமும் நாளும் அவர்களே போட்டார்கள். நான் பிறந்தது ஆகஸ்ட் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. திகதி பார்க்காமல் கடிதம் தொடாதவனுக்கு அரசாங்கம் கொடுத்த திகதியே பிழை. யோனாஸின் தாயார் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் எங்கள் இருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புகிறார். நன்றி சொல்லி வாங்கி வைக்கிறோம்.

4

ஏப்ரல் 12, சனி. குருத்து ஞாயிறுக்கு முதல் நாள். றெஜினா கோயில் மண்டபத்தில் மற்றப் பெண்களோடு குருத்தோலைச் சிலுவை பின்னப் போயிருந்தாள். நான் மட்டும் ஒத்திகைக்குப் போனேன். ஹம்பேர்க்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம். சிற்றாற்றங்கரையில் பழைய தண்ணீர் ஆலை. பக்கத்தில் சிறு கோயில். கலியாணம் அங்கே, விருந்து ஆலையில்.

பிர்த்தேயும் மற்ற இருவரும் பதினாறு பாட்டுகளையும் வரிசையாக வாசித்தார்கள். நான் மடியில் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். பவான் வந்தபோது மெலனி இல்லாத மாலையைக் கையில் பிடித்தபடி நடந்து காட்டினாள். மேளச் சத்தம் மரத் தரையில் ஏறி என் கால் வரைக்கும் வந்தது. திருப்தியாக இருந்தது.

"அப்பா, இனி ஒண்டு இருக்கு. பட்டியல்ல இல்லை," என்றாள் மெலனி. "பவானை வேற இடத்துக்கு மாத்தப் போறன். நான் உள்ள வரேக்க இதுதான். அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, சஸ்பென்ஸ்."

பிர்த்தே நரம்பில் விரல் வைத்தாள்.

முதல் வரி முடியும் முன்பே சரி போடும் பேனையை மூடிவிட்டேன். இரண்டாவது வரியில் ஃபிடில் சேர்ந்துகொண்டது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்தில் எங்கள் கோயில்களில் பாடும் வியாகுலமாதாவின் புலம்பல். சிலுவையில் மரித்த மகனை மடியில் கிடத்தித் தாய் அழும் அழுகை. மணி ஒலிக்காமல் நாவைக் கட்டி, பீடத்துச் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி, வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் பாடுவது. அந்த நாற்பது நாள் கழிந்தால் அதை வாயெடுத்துப் பாடவே கூடாது என்பது ஊர்க் கட்டளை. சின்ன வயதில் வைகாசி மாதத்தில் அதைப் பாடிக்கொண்டு வேலியோரம் போன ஒருவனுக்குக் கோயில் மூப்பர் செவிட்டில் அறைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அந்த மெட்டு, ஹார்ப்பிலும் ஃபிடிலிலும் மரக் குழலிலும், என் மகள் மணக்கோலத்தில் நடந்து வருவதற்கு.

"தெரியுதா அப்பா?"

"ஓம்."

"அம்மா எனக்குத் தலை இழுக்கேக்க பாடுற பாட்டு. ஒவ்வொரு நாளும், பள்ளிக்கூடம் போக முதல். நான் இராகமாப் பாடி பிர்த்தேக்கு அனுப்பினனான்."

தலை இழுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் தலை வாருவது. ஓம், இப்போது எனக்கும் ஞாபகம் வந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் ஸ்டூலில் மெலனி. பின்னால் வாயில் றிபனைக் கவ்வியபடி றெஜினா. மூடிய உதட்டுக்குள்ளிருந்து வரும் முணுமுணுப்பு. நான் இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போது, அல்லது வேலைக்கு ஓடும்போது, காதில் விழுந்த சத்தம். அது என்ன மெட்டு என்று ஒருநாளும் நின்று கேட்கவில்லை.

யோனாஸ் ஆவலோடு என் பட்டியலைப் பார்த்தார். "எந்தக் காலம், மாமா? எதைப் பற்றியது?"

"பார்க்க வேண்டும்," என்றேன்.

ரயிலில் திரும்பி வரும்போது யோசித்தேன். தபசுகாலத்தின் கடைசிக் கிழமை அது. பாட்டுக்குக் காலம் பிழையில்லை. ஆனால் ஜூன் பதினாலாம் திகதி பாரிசிலிருந்து றெஜினாவின் அக்கா மேரியக்கா வருவா. கனடாவிலிருந்து என் தம்பி குடும்பம். எங்கள் ஆட்கள் அறுபது பேர் வாங்குப் பலகைகளில் இருப்பார்கள். மணப்பெண் செத்த வீட்டுப் பாட்டோடு கோயிலுக்குள் வருகிறாள் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். றெஜினாவின் முகத்தை எண்ணவே முடியவில்லை. மகளிடம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகும். சொன்னால் அவளுடைய அந்தப் பாட்டு அதோடு முடியும். இதற்கிடையில் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறேன் என்றவள் அவள். அழைத்தவன் நான்.

ஆறு நாட்கள் இருந்தன. மூன்று தடவை தொலைபேசியை எடுத்தேன். ஒருமுறை ஊர்ப் பெருமை பேசினேன். ஒருமுறை மழையைப் பற்றி. ஒருமுறை மேசைகளின் எண்ணிக்கையைப் பற்றி. சொல்லவில்லை. யாரோ எழுதிய எட்டுப் பாட்டுகளுக்கு எவ்வளவு இலகுவாகக் கோடு போட்டேன்!

5

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ஜேர்மன்காரரின் கோயிலை நாங்கள் பின்னேரத்தில் இரவல் வாங்கிக் கும்பிடுகிறோம். மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டும் சத்தம். யோனாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அப்பால் மெலனி.

ஐந்து பெண்கள் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். நடுவில் றெஜினா. போட்டோப் பிரதித் தாள் அவள் கையில் இருந்தாலும் அவள் அதைப் பார்க்கவில்லை.

முதலில் கண்டுகொண்டவர் யோனாஸ். முகம் மலர்ந்து மெலனியின் காதில் ஏதோ சொன்னார். அவளும் ஒரு கணம் சிரித்தாள். பிறகு சொற்கள் அவளுக்குக் கேட்கத் தொடங்கின. மெலனிக்குத் தமிழ் எழுத வராது, கேட்டால் விளங்கும். காலையில் நான் எண்ணெய் வைத்து இழுத்துவிட்ட தலை இது, இதில் யார் முள்ளைச் செருகியது என்று தாய் கேட்கும் இடம் வந்தது. வாங்குகளில் பெண்கள் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள்.

மெலனி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செபப் புத்தகத்தைப் பார்த்தேன்.

வெளியே குளிர்காற்று. கார்த் தரிப்பிடத்தில் வைத்துக் கேட்டாள்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும், என்ன?"

"ஓம்."

"ஆத்தில விழுந்த பொம்பிளைக்குக் கோடு போட்டனீங்கள். கப்பல்ல போனவனுக்குக் கோடு போட்டனீங்கள். எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சுதோ?"

றெஜினா தாள்களை மடித்துக்கொண்டு வந்தாள். "என்ன சத்தம்? கோயில் வாசல்ல நிண்டு."

மெலனி எல்லாவற்றையும் சொன்னாள். சஸ்பென்ஸ் அங்கேயே முடிந்தது. "அம்மா, நீங்கள் எனக்கு ஒப்பாரியே பாடினனீங்கள்? ஒவ்வொரு நாளும்?"

றெஜினா தாள்களைக் கைப்பையில் வைத்தாள். பிறகு எனக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், அலோசியஸ். பள்ளிக்கூடத்துக்கு அவனைத் தலை இழுத்து அனுப்புவது அவள் வேலை. 1999இல் மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் போகப் புறப்பட்டவன் கரை சேரவில்லை. அது எனக்குத் தெரியும். செய்தி வந்தது ஆவணி மாதத்தில். உடல் இல்லை, ஆகவே செத்த வீடும் இல்லை. எங்களிடம் அப்போது பயண ஆவணமும் இல்லை. அழுது பாட அவளுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. தபசுகாலமோ ஏழு மாதம் தள்ளி நின்றது.

"அதை வாயால பாடினாத்தானே பிழை. வாயை மூடிக்கொண்டு முணுமுணுத்தா ஆர் கேக்கிறது? நீ ஸ்டூல்ல இருப்பாய். தலை என்ர கையில இருக்கும். அப்ப வரும்." பிறகு சொன்னாள்: "முதல் வருஷம் அவனை நினைச்சுத்தான் முணுமுணுத்தனான். பிறகு பிறகு... உன்ர சிக்கு எடுக்கத்தான்."

மெலனி அழுதாள். "என்னட்ட இருந்த ஒரே தமிழ்ப் பாட்டு அதுதான் அம்மா. எனக்கு வேற ஒண்டும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். ஆனா நீ கோயிலுக்குள்ள வரேக்க அது வேண்டாம் பிள்ளை. என்னாலை தாங்க ஏலாது."

"சரி," என்றாள். என்னிடம் சொல்லாமலே மெலனி காரில் ஏறினாள். யோனாஸ் மட்டும் கண்ணாடியை இறக்கி, தயங்கி, "வாங்கோ," என்றார்.

6

அதன்பின் நாலு கிழமை அவள் என்னோடு பேசவில்லை. தாயோடு பேசினாள். சமையலறையில் தொலைபேசியில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கதவோரம் போய் நிற்பேன். "அப்பா என்ன செய்யிறார்?" என்ற கேள்வி ஒருநாளும் வரவில்லை.

1999ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆவணி 23: மன்னாரிலிருந்து செய்தி, அலோசியஸ். புரட்டாதி 1: மெலனியின் தலைக்குப் புது றிபன், நீலம். புரட்டாதி 6: மழை, மெலனிக்குக் காய்ச்சல். அந்த வருடம் முழுவதும் எந்த நாளில் பனி விழுந்தது, எந்த நாளில் விசாவுக்குப் போனோம், எந்தக் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்பதெல்லாம் இருக்கிறது. குளியலறையில் ஒவ்வொரு காலையும் கேட்ட சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மே மாத நடுவில் நானே அழைத்தேன். "பிள்ளை, பிழை என்னிலதான்."

"ஓம். உங்களிலதான்." அடுத்த மூச்சிலேயே கேட்டாள்: "உங்கட மேற்சட்டை அளவை யோனாஸ் கேக்கிறார். வயிறு எத்தினை சென்ரிமீற்றர்?"

சொன்னேன்.

"பொய் சொல்லாதேங்கோ அப்பா. அம்மாட்டக் குடுங்கோ போனை."

7

ஜூன் 14, சனி. வெயில். காலை எட்டு மணிக்கே ஆலையில் நின்றோம். கரும்பச்சை வெல்வெற் மேற்சட்டை, கழுத்தில் வெள்ளைச் சுருக்குத் துணி. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வரியை மறந்த சேவகன், தலை நரைத்து நிற்கிறான்.

பெண்ணை அலங்கரிக்கும் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் நடையில் நின்றேன். ஸ்டூலில் மெலனி. பின்னால் சிவப்புப் பட்டுச் சீலையில் றெஜினா, வாயில் கொண்டை ஊசிகளைக் கவ்வியபடி. மறுமலர்ச்சிக் காலத்துப் பின்னல் எப்படி என்று மெலனி படம் காட்டினாள். "இது எங்கட இரட்டைப் பின்னல்தானே, சுத்தி வைச்சிருக்கு," என்றாள் றெஜினா. மேரியக்கா பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தா.

"அம்மா."

"ம்?"

"ஏன் சும்மா இழுக்கிறீங்கள்?"

றெஜினாவின் கை நின்றது. அவளுக்கு விளங்கிவிட்டது. சீப்பு மறுபடி உச்சியிலிருந்து இறங்கியபோது முணுமுணுப்பும் சேர்ந்து இறங்கியது. வாய் மூடியபடிதான். சொல் இல்லை.

மேரியக்கா பூவைக் கீழே வைத்தா. "ஏய் றெஜி! உனக்கென்ன விசரோ? கலியாண வீட்டிலை எடுக்கிற பாட்டோ இது?"

றெஜினா ஊசிகளை எடுத்தாள். "இன்னும் கோயிலுக்குள்ள போகேல்லைத்தானே அக்கா. தலைதானே இழுக்கிறம்."

"அதுக்காக?"

"இது இவளின்ர தலை இழுக்கிற பாட்டு. நீங்கள் பூவைக் கட்டுங்கோ."

மேரியக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூவை மறுபடி எடுத்தா. அலோசியஸ் அவவுக்கும் தம்பி. கொஞ்ச நேரத்தில் பூக் கட்டும் கை அந்த மெட்டுக்கு அசைவதைக் கண்டேன்.

பக்கத்து அறையில் பிர்த்தே நரம்புகளுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். இடையில் மரப் பலகைச் சுவர் மட்டும்தான். சுருதி கூட்டும் சத்தம் நின்றது. பிறகு, யாரும் கேட்காமலே, மிக மெல்லிய யாழ் றெஜினாவின் முணுமுணுப்புக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நடந்து வந்தது. மெலனி கண்ணை மூடியிருந்தாள். சிக்கு இழுபட்டபோது சின்னப் பிள்ளை போல "ஆ!" என்றாள். "ஆட்டாதை," என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது.

பத்தரைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் வந்தாள். பவான்தான். ஒற்றை மேளம். நாடா எதுவும் சிக்கவில்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது கோயிலுக்குள் நடந்ததைச் சொல்ல அல்ல. அதற்கு முன், நடையில் நின்ற அந்த நேரத்தில் நான் மேற்சட்டைக்குள் மடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்தேன். மிஞ்சிய பதினாறில் கடைசிப் பாட்டுக்குக் கீழே கட்டம் வெறுமையாக இருந்தது. சுவரில் தாளை வைத்து எழுதினேன்.

இலக்கம் பதினேழு. பாட்டு: தலை இழுக்கிற பாட்டு. நாடு: மன்னார். காலம்: தெரியாது, எங்கள் வீட்டில் 1999 ஆவணி முதல். பொருள்: தாய் பிள்ளையின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னுவது.

கடைசிக் கட்டம் மிச்சம் இருந்தது. மரணம் உண்டா?

'உண்டு' என்று எழுதினேன். மேலே எட்டு 'உண்டு'களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு ஓடியிருந்தது. அந்தச் சிவப்புப் பேனை அன்றும் என் மேற்சட்டைக்குள் இருந்தது. அதை எடுக்கவில்லை.